ஹங்கேரிய மொழியில் வாக்கியம் அமைப்பது எப்படி: தமிழிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

தெப்ரெட்சென், செகெத், பேச், புதபெஷ்த் என்று ஹங்கேரியின் பல்கலைக்கழக நகரங்களுக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்கள் நிறையப் பேர். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் மருத்துவமனைக்கு வரும் நோயாளியும் கடைக்காரரும் வீட்டு உரிமையாளரும் பேசுவது ஹங்கேரிய மொழி. அதைக் கற்க உட்காரும் தமிழர் அநேகமாக ஆங்கிலம் வழியாகத்தான் உள்ளே போகிறார். தேவையில்லாத சிரமம் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலேயருக்கு விநோதமாகத் தெரியும் பல விஷயங்கள் நமக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். விகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது, ‘நான்’ என்று சொல்லாமலே வினைமுற்றில் ஆளைக் காட்டுவது, ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’ என்று சொல்வது எல்லாம் அங்கேயும் உண்டு. அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியையும் தமிழிலிருந்து நேராக எடுத்துப் போகிறேன்.

இரண்டு மொழிக்கும் உறவு உண்டா என்ற கேள்வி எழலாம். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளை ஃபின்னிய, ஹங்கேரிய மொழிகள் அடங்கிய கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தார். அந்த உறவு இன்றுவரை நிறுவப்படவில்லை. ஹங்கேரிய மொழி யூராலியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒற்றுமை அமைப்பில் மட்டும்தான். கற்பவருக்கு அதுவே போதும்.

படி 1: எழுத்தும் ஒலியும்

எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தமிழ் எழுத்து எல்லா ஒலியையும் காட்டாது என்பதால், ஹங்கேரிய எழுத்தில் உள்ள ஒரு தொடக்கநிலைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இங்கே சில ஏற்பாடுகள்: ‘ஃஸ’ என்று எழுதியிருந்தால் அதிர்வோடு வரும் ‘ஸ’. ‘ஜ’ என்பது நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்தில் வைத்து ‘த்ய’வை அதிர்வோடு சொல்வது போன்ற ஒலி. சிறு வட்டம் (°) போட்ட உயிர் நம்மிடம் இல்லாதது. ஒ° என்றால் நாக்கை ‘எ’ சொல்லும் இடத்தில் வைத்து உதட்டை ‘ஒ’ போலக் குவிக்க வேண்டும். உ° என்றால் நாக்கு ‘இ’ இடத்தில், உதடு ‘உ’ போல. குறில் ‘அ’வையும் உதட்டைக் கொஞ்சம் குவித்தே சொல்வார்கள்.

குறில் நெடில் நமக்குப் புதிதல்ல. ‘கொர்’ என்றால் வயது, ‘கோர்’ என்றால் நோய். மெய் இரட்டிப்பதும் பொருளை மாற்றும்: ‘மெஜ்’ என்றால் போகிறான், ‘மெஜ்ஜ்’ என்றால் புளிப்புச் செர்ரி. ‘த’வும் நம்முடைய பல்லொலி ‘த’தான், ஆங்கில ‘ட’ போட வேண்டாம். அழுத்தம் எப்போதும் முதல் அசையில். நெடில் பின்னால் வந்தாலும் அழுத்தம் அங்கே நகராது, ஆனால் நெடிலை நெடிலாகவே சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துச் செய்யப் பழகுவதுதான் இங்கே உண்மையான பயிற்சி.

படி 2: உயிரிசைவு

விகுதிகள் பெரும்பாலும் இரண்டு வடிவில் இருக்கும். சொல்லில் பின்னுயிர்களான அ, ஆ, ஒ, ஓ, உ, ஊ இருந்தால் விகுதியிலும் பின்னுயிர். முன்னுயிர்களான எ, ஒ°, உ° வகை இருந்தால் விகுதியிலும் முன்னுயிர். ‘-இல்’ என்ற பொருள் தரும் விகுதி -பன், -பென் என்று இரண்டு (இந்தப் ‘ப’ பஸ்ஸில் வரும் ‘ப’).

ஹாஃஸ் (வீடு) → ஹாஃஸ்பன் (வீட்டில்)
கெர்த் (தோட்டம்) → கெர்த்பென் (தோட்டத்தில்)

இ, ஈ, ஏ மூன்றும் நடுநிலை. அவை மட்டும் உள்ள சொற்கள் பெரும்பாலும் முன்னுயிர் விகுதி எடுக்கும். ‘ஹீத்’ (பாலம்) போன்ற சில பழைய சொற்கள் பின்னுயிர் எடுக்கும்: ‘ஹீதொன்’, பாலத்தின் மேல். இப்படிப்பட்ட சொற்களைப் பார்க்கும்போதே விகுதியோடு மனப்பாடம் செய்துவிடுங்கள்.

குறில் அ, எ-வில் முடியும் சொல், விகுதி ஏறும்போது நெடிலாகும். ‘அல்ம’ (ஆப்பிள்) ‘அல்மாத்’ ஆகும். ‘இந்திய’ என்பது ‘இந்தியாபன்’ ஆகும். மரம் ‘மரத்தில்’ ஆவதை நாம் யோசித்தா சொல்கிறோம்? இதுவும் அப்படித்தான் பழகும்.

படி 3: வினைச்சொல் இல்லாத வாக்கியம்

முதல் வாக்கியம்:

ஏவ ஒர்வொஷ். (ஏவா டாக்டர்.)

அவ்வளவுதான். படர்க்கை நிகழ்காலத்தில் ‘இருக்கிறாள்’ போல எதுவும் வேண்டாம். ஆங்கிலம் வழியாக வருபவர் இங்கே ஒரு வினையைத் தேடித் திணிப்பார். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தன்மை, முன்னிலையில் மட்டும் வினை வேண்டும்: ‘ஒர்வொஷ் வஜொக்’ (நான் டாக்டர்), ‘ஒர்வொஷ் வஜ்’ (நீ டாக்டர்). இறந்தகாலத்துக்கு ‘வொல்த்’, எதிர்காலத்துக்கு ‘லெஸ்’ வரும்: ‘ஏவ ஒர்வொஷ் வொல்த்’, ‘ஏவ ஒர்வொஷ் லெஸ்’.

இடமோ இருப்போ சொல்லும்போது படர்க்கையிலும் வினை வந்துவிடும்:

ஏவ இத்த் வன். (ஏவா இங்கே இருக்கிறாள்.)

இப்போது எதிர்மறை. தமிழ் படித்தவர் இதை ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளலாம்.

ஏவ நெம் ஒர்வொஷ். (ஏவா டாக்டர் அல்ல.)
ஏவ நின்ச் இத்த். (ஏவா இங்கே இல்லை.)

‘நெம்’ நம் எழுத்துத் தமிழின் ‘அல்ல’. ‘நின்ச்’ நம் ‘இல்லை’. பேச்சில் இரண்டுக்கும் ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறோம். ஹங்கேரியில் அது செல்லாது. ‘நெம் வன்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் தப்பு. கடையில் ‘வன் கெஞேர்?’ (ரொட்டி இருக்கா?) என்று கேட்டால் ‘வன்’ அல்லது ‘நின்ச்’ என்று ஒரே சொல்லில் பதில் வரும்.

சுட்டுச் சொற்களையும் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்: எஃஸ் (இது), அஃஸ் (அது), இத்த் (இங்கே), ஒத்த் (அங்கே), இயென் (இப்படிப்பட்ட), ஒயன் (அப்படிப்பட்ட). அண்மைக்கு முன்னுயிர், சேய்மைக்குப் பின்னுயிர். நம் இகர, அகரச் சுட்டு மாதிரியே இருப்பதால் மறக்காது.

படி 4: வினைமுற்று

இடப்பெயர்கள் ஏன் (நான்), தெ (நீ), ஓ° (அவன், அவள்), மி (நாங்கள், நாம்), தி (நீங்கள் பலர்), ஓ°க் (அவர்கள்). ஆண்பால் பெண்பால் வேறுபாடு இந்த மொழியின் இலக்கணத்தில் எங்குமே இல்லை. வினையே ஆளைச் சொல்லிவிடுவதால் இடப்பெயரை அழுத்திச் சொல்லும்போது மட்டும் போடுவார்கள், நம்மைப் போலவே.

‘தனுல்’ (படி, கற்றுக்கொள்): தனுலொக், தனுல்ஸ், தனுல், தனுலுங்க், தனுல்தொக், தனுல்னக்.
‘கேர்’ (கேள், வேண்டு): கேரெக், கேர்ஸ், கேர், கேரு°ங்க், கேர்தெக், கேர்னெக்.

இரண்டு வரிசையையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். உயிரிசைவு காதில் விழும். படர்க்கை ஒருமைக்கு விகுதியே இல்லை என்பதைக் கவனியுங்கள். அகராதியில் கிடைப்பதும் இந்த வடிவம்தான்.

மரியாதைக்கு ‘ஒ°ன்’ என்ற சொல் உண்டு. ஆனால் வினை படர்க்கைக்கு மாறிவிடும். நண்பரிடம் ‘ஹொஜ் வஜ்?’ (எப்படி இருக்கே?) என்றால், பெரியவரிடம் ‘ஹொஜ் வன்?’ என்று கேட்க வேண்டும். அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் அறிமுகமில்லாத பெரியவர்களிடமும் இந்த வடிவத்தையே பேசுங்கள்.

படி 5: செயப்படுபொருளும் இரண்டு வகை வினையும்

ஹங்கேரிய மொழியில் தொடக்கநிலையில் எல்லோரும் தடுமாறும் இடம் இது. நிதானமாகப் போகலாம்.

நம் ஐ-உருபுக்கு அங்கே ‘-த்’. காவே (காப்பி) ‘காவேத்’ ஆகும், ஹாஃஸ் ‘ஹாஃஸத்’ ஆகும், கெஞேர் ‘கெஞெரெத்’ ஆகும். அன்றாட வணக்கமான ‘யோ நபொத் கீவானொக்’ என்பதிலேயே இது இருக்கிறது: யோ (நல்ல), நப்-ஒத் (நாளை), கீவான்-ஒக் (வேண்டுகிறேன்). முதல் நாள் கற்ற வணக்கத்தில் வேற்றுமையும் வினைமுற்றும் இரண்டும் இருக்கின்றன.

தமிழில் ‘காப்பி கேட்கிறேன்’ என்றால் ஏதோ ஒரு காப்பி. ‘காப்பியைக் கேட்கிறேன்’ என்றால் இன்ன காப்பி என்று தெரியும். அந்த வேறுபாட்டை நாம் பெயரில் காட்டுகிறோம். ஹங்கேரியர் பெயருக்கு எப்போதும் -த் போட்டுவிட்டு, வேறுபாட்டை வினையில் காட்டுகிறார்கள்.

கேரெக் எஜ் காவேத். (ஒரு காப்பி வேண்டும்.)
கேரெம் அ காவேத். (அந்தக் காப்பியைக் கேட்கிறேன்.)

‘எஜ்’ என்பது ‘ஒரு’. ‘அ’ என்பது குறிப்பிட்ட பொருளுக்கு முன்னால் வரும் சொல். உயிரெழுத்துக்கு முன் ‘அஃஸ்’ ஆகும். பொருள் குறிப்பானதாக இருந்தால் வினை இப்படி மாறும்: கேரெம், கேரெத், கேரி, கேர்யு°க், கேரிதெக், கேரிக்.

எது குறிப்பான பொருள்? ‘அ, அஃஸ்’ வருவது, ஆள் பெயர் அல்லது ஊர்ப் பெயர், ‘என் வீடு’ போல உடைமை ஏறியது, ‘இதை, அதை’, ‘அவனை, அவர்களை’, பிறகு ‘…என்று’ வரும் துணை வாக்கியம். எது குறிப்பில்லாதது? ‘ஒரு’ வருவது, எதுவும் இல்லாமல் வருவது, ‘என்ன, யாரை’, ‘ஏதோ ஒன்றை’. என்னை, உன்னை, எங்களை என்பனவும் இந்த இரண்டாவது வகையில்தான் சேரும். தர்க்கத்துக்கு ஒத்துவராவிட்டாலும் விதி அதுதான்.

ஒரு தனி வடிவமும் உண்டு. செய்பவர் நான், பொருள் நீ என்றால் -லக், -லெக் என்ற விகுதி இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லிவிடும். ‘ஸெரெத்லெக்’ என்ற ஒரே சொல்லுக்குப் பொருள் ‘நான் உன்னை நேசிக்கிறேன்’. ‘தயவுசெய்து’ என்பதை நண்பரிடம் ‘கேர்லெக்’ என்றும், பெரியவரிடம் ‘கேரெம்’ என்றும் சொல்வதற்குக் காரணமும் இதுதான். முன்னது ‘உன்னைக் கேட்டுக்கொள்கிறேன்’.

படி 6: எங்கே, எங்கிருந்து, எங்கு நோக்கி

இட விகுதிகள் ஒன்பது. பயப்பட வேண்டாம், மூன்று மூன்றாக அடுக்கிவிடலாம்.

உள்: -ப (உள்ளே போக), -பன் (உள்ளே இருக்க), -போல் (உள்ளிருந்து வர)
மேல்: -ர, -ஒன், -ரோல்
அருகு: -ஹொஃஸ், -னால், -தோல்

இவற்றுக்கு முன்னுயிர் வடிவங்கள் உண்டு. -ஒன், -ஹொஃஸ் இரண்டுக்கும் ° ஒலியோடு மூன்றாவது வடிவமும் உண்டு. ஆட்களிடம் போகும்போது மூன்றாவது வரிசை: ‘ஒர்வொஷ்ஹொஃஸ் மெஜெக்’ (டாக்டரிடம் போகிறேன்). தமிழிலும் ஆளுக்கு ‘-இடம்’ வருவதால் இதை எளிதாக நினைவில் வைக்கலாம்.

விதியால் பிடிக்க முடியாதது எந்த இடம் ‘உள்’, எந்த இடம் ‘மேல்’ என்பது. தபால் நிலையமும் பல்கலைக்கழகமும் ‘மேல்’ வரிசையில் வரும். கடையும் பள்ளிக்கூடமும் ‘உள்’. வெளிநாட்டு ஊர்கள் பெரும்பாலும் ‘உள்’: லொன்தொன்பன், சென்னைபன், இந்தியாபன். ஹங்கேரிய ஊர்களில் பல ‘மேல்’: புதபெஷ்தென், செகெதென். ஆனால் தெப்ரெட்சென்பென் என்றுதான் சொல்ல வேண்டும். நாட்டின் பெயரும் ‘மேல்’தான்: மஜரொர்ஸாகொன். நீங்கள் வசிக்கும் ஊர், படிக்கும் இடம், வேலை செய்யும் இடம், இந்த மூன்றையும் விகுதியோடு முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதுதான் தினமும் வாயில் வரப்போகிறது.

‘பக்கத்தில்’, ‘அடியில்’ போன்றவை நம்மைப் போலவே பெயருக்குப் பின்னால் வரும்: ‘ஹாஃஸ் மெல்லெத்த்’ (வீட்டுக்குப் பக்கத்தில்). ‘இந்த வீட்டில்’ என்று சொல்லும்போது மட்டும் கவனம் வேண்டும். ‘இந்த’வும் விகுதி ஏற்கும்: ‘எப்பென் அ ஹாஃஸ்பன்’.

படி 7: உடைமை, பன்மை, அடை

‘என்’ என்பது பெயருக்குப் பின்னால் ஒட்டும்: ஹாஃஸம் (என் வீடு), ஹாஃஸத் (உன் வீடு), ஹாஃஸ (அவர் வீடு). ‘உன் வீடு’ தமிழ் எழுத்தில் ‘வீட்டை’ போலவே தெரிந்தாலும், அங்கே கடைசி ஒலி அதிர்வோடு வரும் ‘த்’. ‘ஏவாவின் வீடு’ என்பதற்கு ‘ஏவ ஹாஃஸ’. நாம் உடையவருக்கு ‘இன்’ போடுகிறோம். அவர்கள் உடைமைக்கு விகுதி போடுகிறார்கள். ‘எனக்கு இருக்கிறது’ என்ற அமைப்பு அப்படியே நம்முடையது: ‘நெகெம் வன் எஜ் அவுதோம்’ (எனக்கு ஒரு கார் இருக்கிறது). ‘நெகெம்’ இல்லாமலும் சொல்லலாம். எதிர்மறை ‘நின்ச் அவுதோம்’. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்குக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு என்பது தமிழருக்கு மகிழ்ச்சி தரும்.

பன்மைக்கு -க்: ஹாஃஸக். எண்ணுக்குப் பிறகு ஒருமைதான்: ‘ஹாரொம் ஹாஃஸ்’, பேச்சுத் தமிழில் ‘மூணு வீடு’ என்கிற மாதிரி. அடை பெயருக்கு முன்னால் மாறாமல் நிற்கும்: ‘பிரொஷ் அல்மாக்’ (சிவப்பு ஆப்பிள்கள்). பயனிலையாக வந்தால் மட்டும் பன்மை ஏற்கும்: ‘அஃஸ் அல்மாக் பிரொஷக்’.

படி 8: சொல் வரிசை

‘ஹங்கேரிய மொழியில் சொல் வரிசை சுதந்திரமானது’ என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது பாதி உண்மை. இடம் மாற்றினால் இலக்கணம் உடையாது, ஆனால் சொல்ல வந்தது மாறிவிடும். வினைக்கு உடனே முன்னால் இருக்கும் இடம்தான் வாக்கியத்தின் உயிர்நாடி. எதை வலியுறுத்துகிறீர்களோ அது அங்கே வர வேண்டும். நாம் ‘தான்’ சேர்த்துச் செய்வதை அவர்கள் இடத்தால் செய்கிறார்கள்.

இதைக் காட்ட முன்னொட்டு உள்ள ஒரு வினையை எடுப்போம். ‘இத்த’ என்றால் (அதைக்) குடித்தாள். ‘மெக்’ சேர்ந்தால் ‘மெகித்த’, குடித்துவிட்டாள். நம் ‘விடு’ செய்யும் வேலையை இங்கே ‘மெக்’ செய்கிறது.

ஏவ மெகித்த அ காவேத். (ஏவா காப்பியைக் குடித்துவிட்டாள்.)
ஏவ இத்த மெக் அ காவேத். (ஏவாதான் காப்பியைக் குடித்தாள்.)
ஏவ அ காவேத் இத்த மெக். (ஏவா காப்பியைத்தான் குடித்தாள்.)
ஏவ நெம் இத்த மெக் அ காவேத். (ஏவா காப்பியைக் குடிக்கவில்லை.)

முதல் வாக்கியத்தில் எதற்கும் தனி அழுத்தம் இல்லை. முன்னொட்டு வினையோடு ஒட்டி நிற்கிறது. இரண்டாவதில் ‘ஏவ’ அந்த முக்கிய இடத்தைப் பிடித்ததும் ‘மெக்’ இடம் விட்டு வினைக்குப் பின்னால் போய்விடுகிறது. மூன்றாவதில் ‘அ காவேத்’ அதே வேலையைச் செய்கிறது. ‘நெம்’ வந்தாலும் அப்படியே. கேட்கும்போது முன்னொட்டு எங்கே நிற்கிறது என்று பார்த்தால், பேசுபவர் எதை அழுத்துகிறார் என்று தெரிந்துவிடும்.

கேள்விச் சொற்களும் அந்த இடத்தில்தான்: கி (யார்), மி (என்ன), ஹொல் (எங்கே), ஹொவ (எங்கு நோக்கி), ஹொன்னன் (எங்கிருந்து), மிகொர் (எப்போது). ‘கி இத்த மெக் அ காவேத்?’ என்றால் காப்பியை யார் குடித்தது? பதிலில் ‘ஏவ’ அதே இடத்தில் உட்காரும்.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு வரிசை மாற வேண்டாம். நம் ‘-ஆ’ போல எதையும் சேர்க்கவும் வேண்டாம். கடைசிக்கு முந்திய அசையில் குரல் ஏறி இறங்கும், அவ்வளவுதான். ‘மெகித்த ஏவ அ காவேத்?’ என்று கேட்டால் ‘மெக்’ என்று முன்னொட்டை மட்டும் சொல்லிப் பதில் தருவார்கள். இதைக் கேட்டுப் பழகாதவர் பாதிச் சொல் விழுங்கப்பட்டது என்று நினைத்துவிடுவார்.

‘யாரும், ஒன்றும்’ வந்தாலும் வினையில் எதிர்மறை வேண்டும்: ‘நெம் கேரெக் ஷெம்மித்’ (எனக்கு ஒன்றும் வேண்டாம்). தமிழ் வழக்கமே.

படி 9: ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பது

புதிய வாக்கியம் கிடைத்தால் முதலில் வினையைக் கண்டுபிடியுங்கள். அடுத்து அதற்கு முன்னால் நிற்பது எது என்று பாருங்கள். பிறகு -த் ஏறிய பெயரைத் தேடி, அது குறிப்பானதா என்று வினை வடிவத்தோடு ஒத்துப் பாருங்கள். மீதி விகுதிகள் கடைசியில். காப்பிக் கடையில் மேசைக்குத் தட்டு வந்ததும் காதில் விழக்கூடிய ஒரு வாக்கியம்:

எஸ்த் அ காவேத் ஏன் கேர்தெம், நெம் ஏவ.

வினை ‘கேர்தெம்’: கேர் + இறந்தகால ‘த்’ + ‘எம்’, நான் கேட்டேன். தன்மை ஒருமை இறந்தகாலத்தில் இரண்டு வகைக்கும் ஒரே வடிவம், அதனால் இங்கே தேர்வு செய்ய வேண்டியதில்லை. வினைக்கு முன்னால் ‘ஏன்’. வினையே ‘நான்’ என்று சொல்லிவிட்ட பிறகும் இடப்பெயர் வருகிறது, அதுவும் முக்கிய இடத்தில். அப்படியானால் ‘நான்தான்’. ‘எஸ்த்’ என்பது எஃஸ் + த், ‘காவேத்’ என்பது காவே + த். சுட்டும் பெயரும் இரண்டுமே உருபு ஏற்றிருக்கின்றன. கடைசியில் ‘நெம் ஏவ’, ‘ஏவா அல்ல’. இருப்பை மறுக்கவில்லை என்பதால் ‘நின்ச்’ வரவில்லை. மொத்தத்தில்: இந்தக் காப்பியை நான்தான் கேட்டேன், ஏவா அல்ல.

இதே வாக்கியத்தை எடுத்து, காப்பியைக் கேட்டது ஏவாதான் என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். ‘ஏவ’ முன்னால் போகும், வினை ‘கேர்தெ’ ஆகும். அடுத்து நிகழ்காலத்துக்கு மாற்றினால் ‘கேரி’ வர வேண்டும், ‘கேர்’ வரக்கூடாது. ஏன் என்று உடனே பதில் சொல்ல வந்துவிட்டால் ஐந்தாவது படி உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. வராவிட்டால் அங்கே திரும்பிப் போய் ‘கேரெக் எஜ் காவேத், கேரெம் அ காவேத்’ என்ற இரண்டு வரியையும், காப்பிக்குப் பதில் ரொட்டியையும் ஆப்பிளையும் போட்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள்.